ஆறு டிரான்சிஸ்டர்களும் ஓர் இடியும்

துறைமுக வாசலை ஒட்டியிருந்த மூன்று மாடிக் கட்டடம் ஒரு காலத்தில் கப்பல்களோடு பேசிய வானொலி நிலையம். இப்போது கீழேயும் நடுவிலும் அலுவலகம். மேல் மாடியில் மட்டும் பழைய கருவிகளை அடுக்கி, பார்க்க வருகிறவர்களுக்காகக் காட்சிக்கூடமாக ஆக்கியிருந்தார்கள். அதற்குக் காப்பாளராக வந்தவளுக்கு நாற்பத்திரண்டு வயது. எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். எந்தப் பெட்டியானாலும் அதன் முதுகைக் கழற்றி உள்ளே பார்த்த பிறகுதான் அதைப் பற்றி வாயைத் திறப்பாள்.

அவள் பொறுப்பில் நாற்பது கருவிகள் இருந்தன. பெரும்பாலானவை ஆள் உயரத்துக்கு நிற்கும், உள்ளே கண்ணாடிக் குழல்கள் எரியும் வால்வு செட்டுகள். அவற்றைப் பற்றி அவளுக்குக் கவலையே கிடையாது. தடித்த தோல்காரர்கள், பிளக்கையும் ஏரியலையும் பிடுங்கிவிட்டால் எதையும் தாங்குவார்கள் என்பாள். அவளுடைய பயமெல்லாம் சின்ன டிரான்சிஸ்டர் செட்டுகளைப் பற்றித்தான். பக்கத்துக் கட்டடத்தின் மேல் ஒரு போன் கோபுரம் எழும்பியிருந்தது. போன மழைக்காலத்தில் அதன் மேல் இடி விழுந்தபோது காட்சிக்கூடத்தில் ஒரு கண்ணாடிகூட விரியவில்லை. ஆனால் மறுநாள் பார்த்தால், ஏரியல் கம்பியோடு இருந்த இரண்டு டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் ஊமையாகியிருந்தன. அவற்றில் ஒன்று பாட்டரிகூடப் போடாமல் சும்மா இருந்தது.

அந்த வருத்தம் ஆறுவதற்குள்தான் டீச்சர் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். கையில் தையல் சாமான் வைக்கிற மாதிரி ஒரு மரப்பெட்டி. அதற்குள் அவருடைய அம்மா தன் கையாலேயே செய்த ரேடியோ இருந்தது. அந்த அம்மா இதே கட்டடத்தில், இதே மேல் மாடியில் ஆபரேட்டராக இருந்தவர். ஒரு புயல் நாளில் கரண்ட் போய், ஜெனரேட்டர் அறையிலும் தண்ணீர் புகுந்து, நிலையத்துக் கருவிகள் எல்லாம் அணைந்துவிட்டன. அப்போது தன் மதியச் சாப்பாட்டுப் பைக்குள் கிடந்த இந்தப் பெட்டியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார். கப்பல்கள் பேசும் அலைவரிசைக்கு ஏற்றபடி உள்ளே இருந்த கம்பிச் சுருளை முன்பே மாற்றிச் சுற்றியிருந்தார். மூழ்கிக்கொண்டிருந்த ஒரு சரக்குக் கப்பலின் குரல் அதில் கேட்டது. பதில் சொல்ல வழியில்லை. கேட்டதையெல்லாம் தாளில் எழுதி, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துபோய் மீட்புப் படகுக்காரர்களிடம் கொடுத்தார். பத்தொன்பது பேர் கரை சேர்ந்தார்கள்.

டீச்சர் அதை ஒரு வருஷத்துக்குக் காட்சிக்கு வைக்கக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: காட்சிக்கூடத்தின் திறப்பு விழாவன்று எல்லார் முன்னாலும் அது பாட வேண்டும். காப்பாளர் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தாள். ஆறு ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்கள், ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. அந்த அம்மா பொறுக்கியெடுத்துப் பற்றவைத்தவை. ஒன்று போனாலும் வேறொன்றை எங்கேயாவது தேடிப் போடலாம்; ஆனால் அப்புறம் அது அந்த அம்மா கேட்ட ரேடியோ ஆகாது.

எனவே முதல் வேலையாக அலுவலகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனாள். அவர் எதற்கும் ஒரு சுற்றறிக்கையைச் சொல்பவர். கட்டடம் முழுக்க அவரை ‘சர்க்குலர் சார்’ என்றுதான் சொல்லும், அவருக்கும் அது தெரியும். மேலே இடிதாங்கி இருக்கிறது, வருஷா வருஷம் சோதித்துச் சான்றிதழ் வாங்குகிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டார்.

“இடிதாங்கி கட்டடத்தைத்தான் சார் காப்பாத்தும்” என்றாள். “இடி கம்பி வழியா இறங்கறப்போ சுத்தி ஒரு துடிப்பு கிளம்பும். அது சுவரெல்லாம் தாண்டி வரும். எங்க கம்பி இருக்கோ அங்க கரண்டைத் தூண்டிவிடும். பெரிய செட்டு தாங்கிக்கும். இந்தச் சின்னது ஒரு நொடிகூடத் தாங்காது.”

அந்த நேரத்தில் துப்புரவு வேலை செய்யும் அக்கா அறைக்குள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டியவர்; அந்தக் கட்டடத்தில் எல்லாருக்குமே அவர் அக்காதான். நாற்காலிக் காலைத் தூக்கித் துடைத்துக்கொண்டே, அப்போ இரும்புப் பெட்டியில வெச்சா நிக்குமா என்று கேட்டார். சர்க்குலர் சார் முகம் சுளித்தார். காப்பாளர் மட்டும் திரும்பி நின்று பதில் சொன்னாள்: நிற்கும். ஆனால் மூடி சுற்றிலும் இரும்போடு இரும்பாக உட்கார வேண்டும். நடுவில் இடைவெளியோ ரப்பரோ பெயிண்டோ இருந்தால் அந்த வழியாகத் துடிப்பு நுழைந்துவிடும். உள்ளே வைக்கிற பொருளும் இரும்பைத் தொடக்கூடாது, துணியோ அட்டையோ சுற்ற வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கம்பிகூட இருக்கக்கூடாது. அக்கா “ம்” என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

ஸ்டோர் ரூமில் ஒரு பழைய இரும்பு பீரோ சும்மா நின்றது. அதை எடுத்துக்கொள்ளச் சம்மதித்த சர்க்குலர் சார், அதன் பெயிண்டைச் சுரண்டக் கூடாது, அது அலுவலகச் சொத்துக்குச் சேதம் என்றார். காப்பாளர் ஒற்றைக்காலில் நின்றாள். மூன்றாம் நாள் அவரே இறங்கிவந்து கோப்பில் ‘துரு நீக்கும் பணி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்த பீரோவில் மருந்துக்குக்கூடத் துரு இல்லை.

வேலைக்கு அவளுடைய அண்ணன் வந்தான். தகரப் பட்டறை வைத்திருப்பவன். தங்கச்சி கூப்பிட்டால் பட்டறையைச் சாத்திவிட்டு வருவான், வந்தவுடன் கிண்டல் செய்யவும் ஆரம்பித்துவிடுவான். முதலில் பீரோ எப்படி இருக்கிறதென்று பார்ப்போம் என்று தன் போனை உள்ளே வைத்துப் பூட்டி அவள் போனிலிருந்து கூப்பிட்டான். பீரோவுக்குள் மணி கணீரென்று அடித்தது.

“உன் பீரோ நல்லாத்தான் பேசுது” என்றான்.

இரண்டு நாள் வேலை. கதவு வந்து பொருந்துகிற விளிம்பு முழுக்கப் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளி மாதிரி மின்னும்வரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார்கள். பின்னிய செம்புப் பட்டையைச் சுற்றிலும் ஒட்டி, கதவு அதை அழுத்திக்கொண்டு மூடும்படி தாழ்ப்பாளை இறுக்கினார்கள். பின்பக்கத்து ஓட்டைகளை அண்ணன் தகடு வைத்து அடைத்துவிட்டான். உள்ளே தட்டுக்குத் தட்டு அட்டை. மறுபடி போனை வைத்துக் கூப்பிட்டபோது, நீங்கள் அழைக்கும் நபர் தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறார் என்றது அந்தப் பெண் குரல்.

“ஆமா, ரெண்டடிக்கு அப்பால இருக்கார்” என்று அண்ணன் கதவைத் தட்டினான். ரொம்ப நாளைக்கப்புறம் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். போன் எட்டாதது மட்டும் முழுச் சான்று இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினாள்.

பீரோவுக்கு ஒரே சாவி. அது காப்பாளர் கையில் மட்டுமே இருக்க வேண்டும், இன்னொன்று செய்தால் பதிவேட்டில் குழப்பம் வரும் என்பது சர்க்குலர் சாரின் ஏற்பாடு.

திறப்பு விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது போட்டோகிராபர் வந்தான். ரேடியோ சும்மா பெட்டி மாதிரி இருந்தால் படத்தில் உயிர் இருக்காது, ஏரியல் மாட்டி மேசைமேல் வையுங்கள் என்றான். ஜன்னலுக்கு வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. அவள் பெட்டியை எடுத்து வைத்து, மொட்டை மாடிக்குப் போகும் நீளக் கம்பியை ஜன்னலோரக் கொக்கியில் மாட்டி, அதன் நுனியை ரேடியோவில் செருகினாள். படம் எடுத்து முடிக்கிற நேரத்தில் அச்சகத்திலிருந்து போன். அழைப்பிதழில் டீச்சருடைய அம்மாவின் படம் இடவலமாகத் திரும்பி விழுந்திருக்கிறது போலிருக்கிறது, மெஷினை நிறுத்தி வைத்திருக்கிறோம், உடனே வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றார்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

அச்சகம் ஊரின் மறுகோடியில். படத்தைச் சரிபார்த்து, ஒரு எழுத்துப் பிழையையும் திருத்திக் கொடுத்து, நிமிர்ந்தபோது மெஷின் தானாக நின்றது. கரண்ட் போய்விட்டது. வெளியே பார்த்தால் துறைமுகப் பக்கம் வானம் ஸ்லேட்டுப் பலகை நிறத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, ஊரையே தூக்கிப் போட்டது போல ஒரு இடி.

அச்சகக்காரர், பக்கத்துலதான் எங்கேயோ விழுந்திருக்கு என்றார். அவளுக்கு அது காதில் ஏறவில்லை. மேசை, மேசைமேல் பெட்டி, பெட்டியில் செருகிய கம்பி, கம்பியின் மறுமுனை மொட்டை மாடியில். பையைத் துழாவினாள். பீரோ சாவி அதன் அடியில் குளிர்ந்து கிடந்தது.

அலுவலகத்துக்குப் போன் போட்டாள், மணியே அடிக்கவில்லை. சர்க்குலர் சாரின் போன் அணைந்திருந்தது. அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுப்பாரில்லை. மழை கொட்டத் தொடங்கியிருந்தது. பஸ் கிடைத்தது, ஆனால் பாலத்தருகே தண்ணீர் தேங்கி வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிட்டன. பத்து நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு இறங்கி நடந்தாள். நடந்தாள் என்பதைவிட நீந்தினாள் என்றே சொல்லலாம். வழியெல்லாம் டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணனை வரவழைத்து, பெயிண்டைச் சுரண்டி, இரண்டு நாள் பாடுபட்டு ஒரு பீரோ செய்துவிட்டு, பொருளை அதற்கு வெளியே வைத்துவிட்டு வந்தவள் என்று ஊர் சிரிக்கும். சிரிக்கட்டும். அந்த அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து காப்பாற்றினார். நான் ஒரு அழைப்பிதழுக்காக ஓடித் தொலைத்துவிட்டேன் என்று நினைத்தபோது கண்ணீர் மழையோடு கலந்தது.

கட்டடத்து வாசலில் சர்க்குலர் சார் நனைந்துபோய் நின்றிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கோபுரத்தில்தான் விழுந்தது, ஆளுக்கு ஒன்றும் இல்லை, எல்லாரும் பத்திரம் என்றார். ஆனால் ஒரு கம்ப்யூட்டர் பாக்கியில்லை. போன் இணைப்புப் பெட்டி புகைந்து போயிற்று. கேமராக்கள், பிரிண்டர், வாசலில் வருகைப் பதிவுக்குக் கைரேகை வைக்கிற கருவிகூடப் போய்விட்டது. அந்தக் கருவி போனதைச் சொல்லும்போது மட்டும் பின்னால் நின்ற கிளார்க்குகள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஏறினாள். கருகிய வாடை. ஜன்னலோரம் ஏரியல் கம்பி தரையில் சுருண்டு கிடந்தது, அதன் நுனி கறுத்திருந்தது. மேசைமேல் ஒன்றும் இல்லை.

பீரோவைத் திறந்தாள். மற்றச் சின்ன ரேடியோக்கள் அட்டைமேல் வரிசையாக இருந்தன. மரப்பெட்டிக்கு உரிய இடம் காலியாக இருந்தது. மேசைக்குக் கீழே, வால்வு செட்டுகளுக்குப் பின்னால், ஜன்னலுக்கு வெளியே, எங்கே தேடியும் இல்லை. பின்னாலேயே மூச்சிரைக்க வந்த சர்க்குலர் சார், காணாமல் போன பொருளுக்கு ஒரு படிவம் இருக்கிறது என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார். வேறு யார் மேலே வந்தார்கள் என்று கேட்டாள். அக்கா துடைக்க வந்திருப்பாள், இப்போது கீழே தண்ணீர் வாருகிறாள் என்றார்.

கீழ்த்தளத்து நடையில் அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மழைத்தண்ணீரை வாளியில் வாரிக்கொண்டிருந்தார். காப்பாளர் போய் அவர் எதிரில் நின்றாள். அக்காவே நிமிர்ந்து பார்த்துவிட்டு, வாளியை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, வாங்க என்று டீ போடும் அறைக்குக் கூட்டிப்போனார்.

அங்கே மேசைமேல் விரித்திருந்த நாலைந்து செய்தித்தாள்களில் அலுவலகத்தின் மொத்தத் தேயிலையும் குன்று மாதிரி கொட்டிக்கிடந்தது. பக்கத்தில் தேயிலை வருகிற பெரிய தகர டின், மூடி அழுத்தமாக மூடியிருந்தது.

“முதல் இடி தூரத்துல கேட்டப்பவே மேல போனேன்” என்றார் அக்கா. “கம்பியைக் கையால தொட பயமா இருந்துச்சு. மாப்புக் கட்டையால தட்டிவிட்டுட்டுத்தான் பெட்டியைத் தூக்கினேன். பீரோ பூட்டியிருந்துச்சு, சாவி உங்ககிட்ட. என்ன பண்றதுன்னு தெரியல. முதல்ல சர்க்கரை வைக்கிற எவர்சில்வர் டப்பாவைத்தான் எடுத்தேன். பார்த்தா மூடியில ரப்பர் வளையம். நீங்கதானே சொன்னீங்க, ரப்பர் இருந்தா நுழைஞ்சிடும்னு. இது இரும்போட இரும்பா உக்காருது. என் துண்டு துவைச்சது இருந்துச்சு, அதுல சுத்தி வெச்சேன். மூடி வெச்சு ஒரு கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, கோபுரத்து மேல இடி விழுந்துச்சு.”

மேசையைக் காட்டி, “தேயிலையைக் கொட்டினதுக்குத் திட்டாதீங்க” என்றார்.

காப்பாளர் அக்காவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்காவும் பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

உடனே திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. வானம் இன்னும் உறுமிக்கொண்டுதான் இருந்தது. மழை விட்டு, உறுமல் கடல் பக்கம் நகர்ந்து, நன்றாக விலகியது என்று உறுதியான பிறகு, சாயங்கால வெளிச்சத்தில் டின்னைத் திறந்தாள். துண்டைப் பிரித்தாள். கையளவு கம்பி ஒன்றைச் செருகி, புது பாட்டரி போட்டு, திருகைத் திருப்பினாள். ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம்தான் ஒலித் திருகு கீழ்க்கோடியில் இருப்பதைப் பார்த்தாள். போட்டோவுக்காக அவளே அப்படி வைத்தது. மெல்லத் திருப்பினாள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று மணல் சரிகிற மாதிரி ஒரு சத்தம். கடலுக்கு மேல் எங்கோ மின்னல் வெட்டும்போதெல்லாம் அதில் ‘படக்’ என்று ஒரு முறிவு. இன்னும் கொஞ்சம் திருப்ப, மழையில் சிக்கிக் கரை திரும்பும் படகுக்காரர்கள் ஒருவரையொருவர் விசாரிக்கிற குரல்கள் தெளிவாக வந்தன. ஆறும் உயிரோடு இருந்தன.

“அப்பாடா” என்றார் சர்க்குலர் சார். சொன்னது தாம்தான் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். சட்டென்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மறுநாள் அவர் அறிக்கை எழுத உட்கார்ந்தபோது ஒரு சிக்கல். துப்புரவு ஊழியர் காட்சிப்பொருளைத் தொடவே கூடாது என்று அவரே போட்ட விதி ஒன்று இருந்தது. அக்காவின் பெயரை எழுதினால் விதியை மீறியவர் ஆகிவிடுவார், எழுதாவிட்டால் பொருள் தானாக நடந்துபோய் டின்னுக்குள் ஏறியதாக ஆகும். காப்பாளர், பெயர் கட்டாயம் வர வேண்டும் என்றாள். பழைய கோப்புகளையெல்லாம் புரட்டி, சுத்தம் செய்யும்போது பொருள்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றலாம் என்ற ஒரு வரியை மத்தியானத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார் சர்க்குலர் சார். அதைச் சுட்டிக்காட்டி, அக்காவின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினார். பீரோவுக்கு இரண்டாவது சாவி செய்யவும் உத்தரவு போட்டார்.

ஆனால் காப்பாளருக்கு ஒரு வேலை பாக்கி இருந்தது. டீச்சரிடம் சொல்ல வேண்டும். பொருள்தான் நன்றாக இருக்கிறதே, எதற்கு வீணாகச் சொல்லிக்கொண்டு என்று அண்ணன் தடுத்துப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. டீச்சர் வீட்டுக்கே போய், கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். கம்பியோடு மேசைமேல் விட்டுப் போனதையும், சாவி தன் பையில் இருந்ததையும், காப்பாற்றியது தானல்ல என்பதையும் சொன்னாள். உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் இன்றைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன் என்றாள்.

டீச்சர் முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். பிறகு அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து பார்த்தால், சிரித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா அதை ஒரு தடவை பஸ்லயே விட்டுட்டு வந்துட்டாங்கம்மா” என்றார். “கண்டக்டர் தையல் பெட்டின்னு நினைச்சு, மூணு நாள் டிப்போல வெச்சிருந்தார். நான் சின்னப் பொண்ணு. அந்த மூணு நாளும் வீட்டுல யாரும் சரியா சாப்பிடல. இது அம்மாகிட்டயே தொலைஞ்சு பிழைச்சது. உங்ககிட்டயே இருக்கட்டும்.”

தெருவுக்கு வந்த பிறகுதான் அவள் முழுசாக மூச்சு விட்டாள். மூன்று நாளாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி ஓரமாக வைத்த மாதிரி இருந்தது. வீடுவரை நடந்தே போனாள்.

திறப்பு விழாவுக்குக் கூட்டம் அதிகமில்லை, ஐம்பது பேர் இருக்கும். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆனாலும் அவள் காலையிலிருந்து நாலு தடவை ஜன்னலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். டீச்சர் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். திருகைத் திருப்புவதற்கு அவரைக் கூப்பிட்டபோது அவர் எழுந்து, பின்வரிசையில் புதுச் சேலையில் கூச்சத்தோடு நின்றிருந்த அக்காவின் கையைப் பிடித்து முன்னால் அழைத்து வந்தார். அக்கா முதலில் தன் கையைச் சேலையில் துடைத்தார். பிறகு திருப்பினார்.

மணல் சரிகிற சத்தம். அதற்குள்ளிருந்து ஒரு படகுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஐஸ் ஏத்தியாச்சா இல்லையா, எத்தனை தடவைடா கேக்கறது என்று அடுத்த படகுக்காரரைக் கேட்டார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். ஏத்தியாச்சு, ஏத்தியாச்சு என்று மறுமுனையிலிருந்து பதில் வந்தது.